வீட்டிலேயே காசு படம் எடுக்கிறேன், எல்லாம் மஞ்சளாக வருகிறது – வழி சொல்லுங்கள்

ஓட்டைக்காலணா | வில்லிவாக்கம் | சனி இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. தாத்தா தவறிய பிறகு அவருடைய ட்ரங்க் பெட்டியில் ஒரு பவுடர் டப்பா நிறையக் காசு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 143. பெரும்பாலும் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காலணா, ஏழெட்டு வெள்ளி ரூபாய், நிறைய நயா பைசா, அப்புறம் எழுத்தே தெரியாத சில செப்புக் காசுகள். விற்கிற எண்ணம் இல்லை. எனக்கு இரண்டு அக்கா, ஒருவர் கோவையில், ஒருவர் ஷார்ஜாவில். யாருக்கு எது வேண்டும் என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் படம்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்து, ட்யூப்லைட்டும் மஞ்சள் பல்பும் இரண்டையும் போட்டு எடுத்தேன். ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் அதனுடைய நிழலே காசு மேல் விழுகிறது, ஃப்ளாஷ் போட்டால் ராஜா தலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம், தூக்கிப் பிடித்தால் மங்கல். வெள்ளி ரூபாய் பித்தளை மாதிரியும் காலணா கரி மாதிரியும் வருகிறது. கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரம்பூர்காசு | பெரம்பூர் | சனி இரவு 11:05

கேமரா வேண்டாம் தம்பி. கையில் இருக்கிற ஃபோனே போதும், மாற்ற வேண்டியது வெளிச்சத்தை.

அதற்கு முன்னால் ஒன்று. அந்தக் காசுகளைத் தயவுசெய்து கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று பலர் முதலில் செய்வது அதுதான். எங்கள் வீட்டில் ஒரு ஆயுத பூஜைக்குப் பெரியம்மா குத்துவிளக்கோடு சேர்த்து என் அப்பா வைத்திருந்த ஒரு செப்புக் காசையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார், அன்போடு செய்ததுதான், காசு அன்றைக்கு ரோஸ் நிறத்தில் மின்னியது, இரண்டு மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்து, இப்போது அதைப் பார்த்தால் வேறு காசு போல இருக்கிறது. பழைய சாக்லேட் நிறம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் கூட என்னிடம் இல்லை. அதனால்தான் யார் படம் எடுப்பது பற்றிக் கேட்டாலும் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது ஃபோன். இன்றைய ஃபோன்களின் பெரிய லென்ஸ் ரொம்பக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. ஆகாதபோது அதுவாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும், அதில் ஓரங்கள் இழுபடும், நிழலும் விழும். சில ஃபோன்களில் மேக்ரோ என்று தனியாக 2 மெகாபிக்ஸல் கேமரா ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைத் தொடவே வேண்டாம். முக்கால் அடி, ஒரு அடி தள்ளி வைத்து 2 மடங்கு ஜூம் போடுங்கள், மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். தள்ளிப் போகும்போது நிழல் தொல்லை பாதி தானாகப் போய்விடும்.

ஸ்டாண்டுக்குச் செலவே வேண்டாம். வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும், உட்காருகிற இடத்தின் நடுவில் ஓட்டை இருக்குமே, அதுதான். ஸ்டூலைத் தரையில் வைத்து, லென்ஸ் ஓட்டைக்கு நேராகக் கீழே பார்க்கிற மாதிரி ஃபோனைத் திரை மேலே தெரியப் படுக்க வையுங்கள். கீழே நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கிக் காசை உயர்த்துங்கள். கை படாமல் இருக்க 3 விநாடி டைமர். நான் பத்து வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன், ஸ்டூல் மட்டும் ஒரு தடவை மாறியது.

ரிச்சித்தெரு | சிந்தாதிரிப்பேட்டை | ஞாயிறு காலை 7:40

மஞ்சள் வருவதற்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள், ட்யூப்லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தது. ஃபோன் ஏதாவது ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிசெய்ய முடியும், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் அதற்குக் குழப்பம். அறை விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே வகை விளக்கு மட்டும் எரியட்டும். டேபிள் லேம்ப் இரண்டு இருந்தால் இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே நிற எல்இடி பல்பு. பல்பு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண் அது, 90க்கு மேல் இருந்தால் செம்பும் வெண்கலமும் வேறு வேறாகத் தெரியும், 80 என்றால் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வரி விழுந்தால் காசிலோ ஃபோனிலோ கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடி அல்லது நூறில் ஒரு விநாடி என்று வைத்தால் வரி போய்விடும்.

ஓட்டைக்காலணா | ஞாயிறு மாலை 4:30

பெரம்பூர் அண்ணா, ஸ்டூல் அற்புதம். அம்மா பார்த்துவிட்டு "இதற்காகவா இதை ஓட்டை போட்டு விற்கிறான்" என்று கேட்டார்.

விளக்கு இன்னும் வாங்கவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் முயற்சி செய்தேன். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது, மெல்லிய வெளிச்சம் நாள் முழுக்கச் சீராக இருக்கும் என்று ஒரு ஆங்கில வீடியோவில் சொன்னார்கள். எங்கள் ஹாலில் வடக்கு ஜன்னல்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் கட்டை மேலேயே நேராக வெயில் அடிக்கிறது, காசு கண்ணைப் பறிக்கிறது. நான் திசையைத் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

கடலோரம் | திருவான்மியூர் | ஞாயிறு மாலை 6:15

திசை சரி தம்பி, ஊர்தான் வேறு. அந்த அறிவுரை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பொருந்தும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பவும் தலைக்கு மேல் வருகிறது. நடுவில் இருக்கிற மே, ஜூன், ஜூலை முழுக்க மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான். இந்த மாதங்களில் நமக்குத் தெற்கு ஜன்னல்தான் நல்ல ஜன்னல். செப்டம்பருக்கு மேல் வடக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். நான் முதல் வருடம் இதைக் கண்டுபிடிக்காமல் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணாக்கினேன்.

தெற்கு ஜன்னல் இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் மேற்குப் பக்க அறை, அங்கே வெயிலே இருக்காது. வெளியே மேகம் மூடியிருந்தால் எந்த ஜன்னலும் சரி. ஐப்பசி மழைக் காலத்துச் சாம்பல் வானத்தில் எடுத்த வெள்ளி ரூபாய்ப் படங்கள்தான் என்னிடம் இருப்பதிலேயே அழகானவை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. படம் எடுக்க வெளியே எடுத்த காசை ராத்திரி முழுக்க மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் அன்றைக்கே திரும்பிப் போகட்டும். பிவிசி உறையில் இருந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அதை மற்ற காசுகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், நடுவில் பட்ட விரல் ரேகை ஆறு மாதத்தில் கறையாகத் தெரியும்.

அண்ணாநகர்மேற்கு | திங்கள் காலை 9:02

143 காசுக்கு ஸ்டூல், ஜன்னல், சூரியன் எல்லாம் எதற்கு? ஸ்கேனர் இருந்தால் ஒரே தடவையில் இருபது காசைக் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். நான் என் நயா பைசா எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன்.

பெரம்பூர்காசு | திங்கள் இரவு 9:50

நயா பைசாவுக்குச் சரி, கணக்குக்கு அது போதும். ஆனால் இப்போது விற்கிற மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடியை ஒட்டியிருக்கிற பரப்பு மட்டும்தான் தெளிவாக வரும், அரை மில்லிமீட்டர் பள்ளத்தில் இருக்கிற இடம் கூட மங்கிவிடும். இன்னும் முக்கியமாக, ஸ்கேனரில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. புழங்காத வெள்ளி ரூபாயைக் கையில் வைத்துத் திருப்பினால் சக்கரத்தின் ஆரம் போல ஒரு ஒளி சுற்றி வருமே, அச்சில் அடிக்கும்போது உலோகம் ஓரத்தை நோக்கி ஓடிய நுண்ணிய கோடுகளால் வருவது அது, ஸ்கேனரில் செத்துப்போகும். தேய்த்துக் கழுவிய காசும் புதுக் காசும் ஸ்கேனில் ஒன்றுபோல இருக்கும். அது பெரிய குறை.

ஓட்டைக்காலணா | செவ்வாய் இரவு 10:30

இரண்டு லேம்ப் வாங்கிவிட்டேன். நிறம் இப்போது சரியாக வருகிறது. ஆனால் ஒரு விசித்திரம், ஜார்ஜ் மன்னர் தலை மேலே எழும்பி இருப்பதற்குப் பதிலாக உள்ளே குழிந்து, அச்சு மாதிரி தெரிகிறது. பெரிய அக்காவும் "என்னடா, காசு பள்ளமா இருக்கு" என்று கேட்டார். காசைத் தொட்டுப் பார்த்தால் மேடுதான்.

கடலோரம் | செவ்வாய் இரவு 11:10

விளக்கு படத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சூரியன் மேலேதான் இருக்கும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். வெளிச்சம் கழுத்துப் பக்கத்திலிருந்து வந்தால் மூளை மேட்டைப் பள்ளமாகப் படித்துக்கொள்ளும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், உடனே மேடாகிவிடும். காசை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விளக்கு பத்து மணிக்கு, இன்னொன்று இரண்டு மணிக்கு. இரண்டும் எவ்வளவு உயரத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

விளக்குக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பர் அல்லது பட்டர் பேப்பர் ஒரு தாள் பிடித்தால் கூசுவது குறையும். ஒரு தாள்தான், நாலு தாள் போட்டால் ஒளி சப்பையாகி வெள்ளியின் உயிரே போய்விடும்.

பெரம்பூர்காசு | புதன் காலை 6:55

இதோடு இன்னும் இரண்டு சின்ன விஷயம், இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எழும்பூரில் பழக்கமான ஒரு பெரியவர்.

ஒன்று கண்ணாடி. பொட்டு வைத்துக்கொள்ளும் சின்னக் கைக்கண்ணாடியைக் காசு இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். திரையில் உங்கள் ஃபோன் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் ஃபோனும் காசும் நேருக்கு நேர் இருக்கின்றன. தள்ளித் தெரிந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு ஒரு அட்டைத் துண்டைச் சொருகுங்கள். இதைச் செய்யாவிட்டால் வட்டக் காசு முட்டை வடிவத்தில் வரும், ஒரு பக்க எழுத்து மட்டும் மங்கும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் ஒரே முறை செய்தால் போதும்.

இன்னொன்று மூடி. காசை நேராகத் துணி மேல் வைக்காமல், கீழே காசைவிடச் சின்னதாக ஒரு பாட்டில் மூடி வைத்து அதன் மேல் காசு. அப்போது காசு அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், பின்னால் இருக்கிற துணி மங்கிவிடும், நிழல் காசை ஒட்டி விழாது, துணியின் நூல் தூசியும் தெரியாது. பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டைதான் என் தேர்வு. ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகளில் பெரிய தாளாகக் கிடைக்கும். வெள்ளைத் தாளில் வைத்தால் ஃபோன் பயந்து காசை இருட்டாக்கிவிடும், கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் வெள்ளியை வெளுத்துவிடும். எதில் வைத்தாலும் காசின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள்.

செப்பெழுத்து | தாம்பரம் | புதன் இரவு 8:20

எழுத்தே தெரியாத செப்புக் காசு என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்களே, அதற்காக வந்தேன். அவற்றுக்கு மேலே சொன்ன விளக்கு வைப்பு உதவாது. தேய்ந்த காசுக்கு விளக்கு தரையோடு தரையாக, காசின் உயரத்துக்கு, ஒரே ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். சாயங்கால வெயிலில் மணலில் இருக்கிற கால்தடம் எப்படி ஆழமாகத் தெரிகிறதோ அதே கணக்கு. அறையை முழுக்க இருட்டாக்கி, ஃபோனை அசைக்காமல், விளக்கை மட்டும் காசைச் சுற்றி எட்டுத் திசைக்கும் நகர்த்தி எட்டுப் படம் எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும்.

நான் முதன்முதலில் வாங்கிய ராஜராஜன் செப்புக் காசை, ஒரு பக்கம் நின்ற உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், இடது கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ராஜராஜ என்று இருக்குமே அது, நான்கு வருடம் வைத்திருந்தும் என்னால் கடைசி எழுத்தைப் படிக்க முடிந்ததில்லை. ஒருநாள் கரண்ட் போய் டார்ச்சைத் தரையில் வைத்திருந்தபோது, பக்கத்தில் கிடந்த அந்தக் காசில் கடைசி "ஜ" தானாக எழுந்து நின்றது. அன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சங்க காலச் செப்புக் காசுகளில் தமிழ் பிராமி எழுத்தைப் படிக்கிறவர்களுக்கும் இந்தச் சாய்ந்த வெளிச்சம் உதவும். பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டாரே, அந்த மாதிரி இரண்டு விரல் நகம் அளவு செம்பில் ஒரு அரசன் பெயர் ஒளிந்திருக்கும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், சாய்ந்த வெளிச்சம் கீறலையும் பெரிதாக்கிக் காட்டும். படிப்பதற்கு அது, காசின் நிலையைக் காட்டுவதற்கு மேலிருந்து வரும் வெளிச்சம். இரண்டையும் எடுத்து வையுங்கள்.

அண்ணாநகர்மேற்கு | வியாழன் காலை 8:45

என்னிடம் சில நினைவு வெளியீட்டுக் காசுகள் இருக்கின்றன, கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப் வகை. அதில் என்ன செய்தாலும் ஒன்று முழுக்கக் கறுப்பாக வருகிறது, இல்லை ஸ்டூலும் என் முகமும் அதில் தெரிகிறது. இதற்கு ஸ்கேனரும் உதவவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ரிச்சித்தெரு | வியாழன் மதியம் 1:30

கண்ணாடி மாதிரி இருக்கிற காசு லென்ஸ் இருக்கிற திசையிலிருந்து வருகிற வெளிச்சத்தை மட்டும்தான் லென்ஸுக்குத் திருப்பி அனுப்பும். லென்ஸ் இருக்கிற இடத்தில் விளக்கை வைக்க முடியாது. அதற்கு ஒரு தந்திரம். படச் சட்டம் போடுகிற 2 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு, உள்ளங்கை அளவு, தேவராஜ முதலி தெருவில் வெட்டிக் கொடுப்பார்கள், ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரலைக் கிழிக்கும். அதைக் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள், இரண்டு தீப்பெட்டியும் கொஞ்சம் களிமண்ணும் போதும். விளக்கு பக்கவாட்டில், கண்ணாடியின் உயரத்தில். கண்ணாடி மேல் படுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் நேராகக் கீழே இறங்கிக் காசு மேல் விழும், காசு அதை அப்படியே மேலே அனுப்பும், கண்ணாடி வழியாக லென்ஸுக்குப் போகும். விளக்கிலிருந்து காசுக்கு நேராக வெளிச்சம் போகாமல் ஒரு கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும், இதை விட்டால் எல்லாம் வீண். எதிர்ப்பக்கச் சுவரையும் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத்தான் கீழே திருப்பும், அதனால் படம் எடுக்க நேரம் அதிகம் ஆகும், டைமர் கட்டாயம். முதல் தடவை சரியாக அமைக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ஆனால் காசின் களம், அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத சமமான பரப்பு, பால் போல ஒளிர்ந்து வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மணல்மேடு | போரூர் | வியாழன் இரவு 9:00

இவ்வளவு சிரமம் எதற்கு, எடுத்த பிறகு ஆப்பில் நிறத்தைக் கூட்டி, ஷார்ப் போட்டு, கறையை அழித்துவிட்டால் போகிறது. எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்.

பெரம்பூர்காசு | வியாழன் இரவு 10:25

இல்லை நண்பரே, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெட்டலாம், நேராக்கலாம், வெள்ளைத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம், காசு கையில் எப்படி இருக்கிறதோ அந்த வெளிச்ச அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் படத்தில் இருப்பது வேறு காசு. கறையை அழித்த படத்தை நம்பி ஒருவர் பணம் அனுப்பினால் அது ஏமாற்று. வாங்குவது விற்பது இல்லை, குடும்பத்துக்குத்தான் என்றாலும் எனக்கு ஒன்றுதான். அந்தக் கறை அவர்கள் தாத்தாவின் பவுடர் டப்பாவில் வந்தது.

சின்னக் குறிகளையும் மறந்துவிடாதீர்கள். நம் காசுகளில் வருடத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயில் 1874 வரை அதே வருடத்தைத்தான் போட்டு அடித்தார்கள், இருக்கிற புள்ளிகளை வைத்துத்தான் வகை பிரிக்க வேண்டும். கறை என்று நினைத்து விரலால் தேய்த்தால் ஆப் அந்தப் புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

மணல்மேடு | வியாழன் இரவு 10:50

புள்ளி விஷயம் எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு 1862 இருக்கிறது, நாளைக்கே எதுவும் போடாமல் திரும்ப எடுக்கிறேன்.

ஓட்டைக்காலணா | சனி காலை 11:20

செப்பெழுத்து சார் சொன்ன மாதிரி எட்டுப் பக்கமும் விளக்கை நகர்த்தி அந்த இருட்டுக் காசுகளை எடுத்தேன். ஒன்றில் பாரசீக எழுத்து மாதிரி ஏதோ, அதற்குக் கீழே ரோமன் பத்தும் காஷ் என்ற சொல்லும் தெளிவாக வந்துவிட்டது. மறு பக்கத்தில் 1808. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் இன்றைய 10 ரூபாய்க் காசை வைத்திருக்கிறேன்.

செப்பெழுத்து | சனி மதியம் 12:05

அடடா. அது கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மாகாணத்துக்காக அடித்த பத்துக் காசு. இங்கே அடித்தது இல்லை, இங்கிலாந்தில் பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி வந்த கப்பல்களில் ஒன்று, அட்மிரல் கார்ட்னர், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுப் போவதற்குள்ளேயே கூட்வின் மணல்திட்டில் மோதி, டன் கணக்கில் இதே செப்புக் காசோடு மூழ்கியது. 1980களில் அதைத் தோண்டி எடுத்தார்கள், அதனால் இந்த 1808 காசுகள் உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களிடம் நிறைய உண்டு.

ஆனால் உங்கள் மூன்றாவது படத்தைப் பாருங்கள், வெளிச்சம் இடதிலிருந்து வருவது. கடலில் கிடந்த காசின் மேல்பரப்பு பொரிந்து, குழி குழியாக இருக்கும், எழுத்தின் விளிம்பு மட்டும் கூராக இருக்கும். உங்களுடையதில் ஒரு குழி இல்லை, மேடான எழுத்தெல்லாம் வழவழவென்று உருண்டு தேய்ந்திருக்கிறது. அது கை பட்டுக் கை பட்டுத் தேய்ந்த தேய்வு. இந்தக் காசு கரை சேர்ந்து, நம் ஊர்க் கடைத்தெருவில் புழங்கியது என்றுதான் நான் சொல்லுவேன். படம் மங்கலாக இருந்திருந்தால் இதை நான் சொல்லியிருக்க முடியாது.

கடலோரம் | சனி மாலை 5:40

பொதுவில் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. ஃபோன் கேமராவில் இருப்பிடத்தைப் பதிகிற வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தோடு வீட்டு இடமும் போகும். அப்புறம், பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக்கொண்டு அழைப்பு வந்தால் பேசவே வேண்டாம், அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவித்திருக்கிறது. ஃபைல் பெயரில் வரிசை எண், உலோகம், வருடம், எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். அந்தப் பெயர்கள் இல்லாமல் 286 படத்தில் ஒன்றைத் தேடுவது கொடுமை.

ஓட்டைக்காலணா | மறு வாரம் ஞாயிறு இரவு 9:45

முடித்துவிட்டேன். 143 காசு, இரண்டு பக்கமும், எட்டு நாள் ராத்திரி. பெரிய அக்கா வெள்ளி ரூபாய் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஓட்டைக் காலணா. 1944, போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்தார்களே, அது. வரிசை எண் 88.

அதைக் கடைசியாகச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். துளையின் விளிம்பு சுற்றிலும் கூராக இருக்கிறது, கிரீடத்துக்கு நேர் கீழே ஒரு இடத்தில் மட்டும் வழவழப்பாக, அரிசி முனை அகலத்துக்கு ஒரு பள்ளம். படத்தை அனுப்பிவிட்டு இது அச்சுக் குறையா என்று இங்கே கேட்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன், அதற்குள் அக்காவே அழைத்துவிட்டார். சின்ன வயதில் தாத்தா மடியில் உட்காரும்போது அவருடைய அரைஞாண் கயிற்றில் அந்தக் காசு தொங்கும், அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்குவேன் என்றார். கயிறு அறுத்த தடம் அது. நான் பிறந்தபோது தாத்தா அதைக் கழற்றிவிட்டிருக்கிறார், எனக்கு இது தெரியவே தெரியாது.

88ஐ நாளை காலை தெற்கு ஜன்னலில் இன்னொரு தடவை எடுக்கிறேன், துளையை மட்டும். விளிம்பின் உள்பக்கம் தெரிய வேண்டும் என்றால் காசைச் சாய்த்து வைக்கலாமா, ஃபோனைச் சாய்க்கலாமா?

பெரம்பூர்காசு | ஞாயிறு இரவு 10:02

காசைச் சாயுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் களிமண் சின்ன உருண்டையாக, ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு துண்டு பட்டர் பேப்பர். ஃபோகஸைத் துளையின் தூரத்து விளிம்பில் பூட்டுங்கள். எடுத்ததும் இங்கே போடுங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.